சுவரிலிருந்து பெயர்த்த பாட்டு

செய்யூரில் சவுக்கு மண்டி நடத்தும் வேண்டாவிடம் கம்பு வாங்க வருகிறவர்கள், உள்ளே நுழையுமுன் கேட்டிலேயே ஆட்களிடம் விசாரித்துக்கொள்வார்கள். "அம்மா இன்னிக்கு எப்படி கீது?" நல்ல மூடில் இருந்தால் விலை பேசலாம். இல்லாவிட்டால் சொன்ன விலைக்கு வாங்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான். பெரும்பாலான நாட்களில் ஓட வேண்டியதுதான்.

அந்தக் கோபத்துக்கு வித்திட்டது அவள் பெயர் என்று ஊரில் சொல்வார்கள். மூன்று பெண்களுக்குப் பிறகு நான்காவதும் பெண்ணாய்ப் பிறக்க, 'இனி பெண் வேண்டா' என்று சாமிக்குச் சொல்வதற்காக வைத்த பெயர் அது. அடுத்துப் பிறந்தவன் மோகன். சாமி காதில் விழுந்துவிட்டது என்று வீட்டில் எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். பெரியவளான பிறகு பெயரை மாற்றிக்கொள்ளச் சொன்னவர்களிடம் அவள், "வெச்சவங்க வெக்கப்படணும். நான் இன்னாத்துக்கு மாத்தணும்?" என்று கேட்டாள். மண்டியின் போர்டிலும் அதே பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி வைத்தாள்.

போன வருஷம் மாசி மாதம் மாமல்லபுரத்தில் கடலைப் பார்த்த மாதிரி ஒரு புது காபிக் கடை கட்டிக்கொண்டிருந்தார்கள். மொட்டை மாடிக்குக் கூரை போட சவுக்குக் கம்பு வேண்டுமென்று கேட்டிருந்தார்கள். அளவு சரியாக இருக்கிறதா பார்க்க வேண்டாவே லாரியோடு போனாள். ஆட்கள் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்த நேரத்தில், தண்ணீர் கேட்கலாம் என்று உள்ளே நுழைந்தாள்.

உள்ளே ஒரு சுவர் முழுக்கப் பழைய இசைத்தட்டுகளை ஒட்டியிருந்தார்கள். அலை மாதிரி மேலும் கீழுமாக. சிலதில் மீன் வரைந்திருந்தது. ஒன்றை அறுத்துக் கடிகாரம் ஆக்கியிருந்தார்கள். பெரிய தட்டுகளுக்கு நடுவே கையகலத்தில் ஒரு சின்னத் தட்டு. அதன் நடுவில் வெளுத்துப்போன சிவப்புக் காகிதம். வேண்டா பக்கத்தில் போய்ப் படித்தாள். 'நடவுப் பாட்டு. பாடியவர்: செங்கம்மாள், செய்யூர்.'

அவள் வாசலுக்கு வந்து போட்ட சத்தத்தில் கடற்கரையில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஒரு கம்பு கூட எறங்கக் கூடாது! கயித்த இயுத்துக் கட்டு!"

கடையின் முதலாளி மேக்னா ஓடி வந்தாள். சென்னைப் பெண், முப்பது வயதுக்குள் இருக்கும்.

"ஆன்ட்டி, என்ன ஆச்சு? அளவு சரியில்லையா?"

"இந்த பிளேட்டு எங்கருந்து வந்துது?"

"டெகோர் பண்றவர் கொண்டு வந்தார். பழைய சாமான் கடையில மொத்தமா எடுத்தது. ஏன் ஆன்ட்டி?"

"அது எங்க அக்கா."

மேக்னாவுக்குப் புரியவில்லை. சுவரில் ஏதாவது போட்டோ இருக்கிறதா என்று தேடினாள். வேண்டா விரலை நீட்டிக் காட்டினாள். பெயரைப் படித்ததும் மேக்னாவின் முகம் மலர்ந்தது. "அய்யோ, எவ்வளவு அழகான விஷயம்! ஆன்ட்டி, நாம இதுக்குக் கீழே ஒரு சின்ன போர்டு வைக்கலாம். உங்க அக்கா பேரு, ஊரு எல்லாம் போட்டு…"

"செவுத்துல வெச்சி அடிச்சிட்டு கீய பேரு எய்துவியா? இன்னா, சமாதியா கட்டற?"

மேக்னா உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள். தட்டைப் பெயர்க்க அவளுடைய ஆள் ஒருவன் ஸ்க்ரூ டிரைவரோடு வந்தான். வேண்டா அவன் கையைத் தட்டிவிட்டாள். சமையலறையிலிருந்து கேக் வெட்டும் நீளமான மெல்லிய கத்தியை வாங்கி, தட்டுக்கும் சுவருக்கும் நடுவில் விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தானே அறுத்து எடுத்தாள். பின்பக்கத்தில் மூன்று இடங்களில் பசை கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தது. முன்பக்கத்தில் வெறும் தூசிதான். புடவை முந்தானையில் தட்டைச் சுற்றி லாரியில் தன் சீட்டில் வைத்துவிட்டு வந்துதான் கம்பை இறக்கச் சொன்னாள். வியாபாரம் வியாபாரம்தான்.

திரும்பும் வழியெல்லாம் அவள் வாய் ஓயவில்லை. பழைய வீட்டுப் பரணில் இருந்த தட்டு பழைய சாமான் கடைக்குப் போனது எப்படி என்று யாரையும் கேட்கத் தேவையில்லை. அந்த வீட்டை இடித்துத் தளம் போட்டவன் மோகன்.

செய்யூரில் மோகன் மூன்று வேன்களை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தான். ஒன்றைக் கழுவிக்கொண்டிருந்தபோது அக்கா வந்து நின்றாள்.

"பரண்ல இருந்த பிளேட்ட யாருக்குடா போட்டே?"

மோகன் ஹோஸை நிறுத்தினான். "எந்த பிளேட்டு?"

"செங்கம்மா அக்கா பாடுன பிளேட்டு."

"ஓ, அதுவா. வூடு இடிக்க சொல்ல பழைய சாமான்காரன் எல்லாத்தையும் மொத்தமா எடுத்துகினு போய்ட்டான். போடற பொட்டியே இல்ல, வெறும் பிளேட்ட வெச்சிகினு இன்னா பண்றது?"

"ஒரு வார்த்த கேட்டியா?"

"கேட்டா மட்டும்? அக்காவே பேச முடியாம கெடக்குது. இப்போ போயி அதோட பாட்ட அதுக்கே போட்டுக் காட்டி ஏன் பேஜாரு பண்ணணும்? சொல்லு."

அவன் கேட்டது முழுக்கத் தப்பும் இல்லை. அதனாலேயே வேண்டாவுக்கு இன்னும் எரிந்தது. வேனின் கதவை அறைந்து சாத்திவிட்டு வந்தாள்.

செங்கம்மாள் அப்போது வேண்டாவின் வீட்டில்தான் இருந்தாள். நான்கு பெண்களில் மூத்தவள். வேண்டாவைத் தூக்கி வளர்த்தவள் அவள். இளவயதில் நடவு வயலில் அவள் குரலெடுத்தால் அடுத்த வயலில் குனிந்திருப்பவர்கள் நிமிர்ந்துவிடுவார்கள் என்று பெயர். அதைக் கேள்விப்பட்டு, எழுபதுகளின் கடைசியில், சென்னையிலிருந்து ஒரு சின்ன ரிகார்டு கம்பெனிக்காரர்கள் வந்து கூட்டிப்போய் ஒரே ஒரு தட்டு போட்டார்கள். துணைக்குப் போன சின்னப்பெண் வேண்டா, ஸ்டுடியோவில் மூச்சு விடாமல் மூலையில் உட்கார்ந்திருந்தாள். அன்று அக்கா பாடியதில் இரண்டு வரி அவளுக்கு எப்போதும் மனப்பாடம்:

"ஏரிக்கரை ஓரத்துல நாத்துமுடி நான் சொமந்தேன்,
ஏறிநின்னு பாத்தவரே, எம்படிய ஏன் கொறச்சே?"

தட்டு வெளிவந்து ஊர்த் திருவிழாவில் ஸ்பீக்கரில் ஒலித்த அன்று, நிலக்காரர் ஒருவர், கூலிக்கு அளக்கும் படியைக் குறைத்ததாக அது தன்னைத்தான் குத்துகிறது என்று எழுந்து போய்விட்டார். மறுநாள் அவர் நிலத்தில் செங்கம்மாளின் புருஷனுக்கு வேலை இல்லை. புருஷன் அந்தக் கோபத்தைப் பெண்டாட்டியிடம் காட்டினார். அதற்குப் பிறகு செங்கம்மாள் வயலில்கூட வாய் திறந்து பாடவில்லை. தட்டு பிறந்த வீட்டுப் பரணுக்குப் போயிற்று. புருஷன் செத்த பிறகாவது பாடியிருக்கலாம். அதற்குள் தொண்டையில் கட்டி வந்து, குரல்வளையையே எடுக்க வேண்டியதாகிவிட்டது. இப்போது கழுத்தில் ஒரு துளை, அதன்மேல் ஒரு வெள்ளைத் துணி. படிக்கத் தெரியாது. கையாலும் கண்ணாலும் பேசுவாள். அவசரமென்றால் பக்கத்தில் இருப்பதைத் தட்டுவாள்.

வேண்டா தட்டைக் கொண்டுவந்து மடியில் வைத்ததும், செங்கம்மாள் அதை முகர்ந்து பார்த்தாள். திருப்பிப் பார்த்துப் பசைக் கட்டிகளைத் தடவினாள். பிறகு விரலை வட்டமாகச் சுற்றினாள். ஓட்டு.

ஓட்ட எதுவும் இல்லை. அங்கேதான் ஆரம்பித்தது.

வேண்டா முதலில் செங்கல்பட்டில் ஒரு பெரிய எலக்ட்ரானிக்ஸ் கடைக்குப் போனாள். கல்லாவில் இருந்தவன் கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"இன்னாமா, இந்தக் காலத்துல போயி பிளேட்டு! இன்னா பாட்டுன்னு சொல்லு, யூடியூப்ல போட்டுத் தரேன்."

"அதுல இல்ல."

"எல்லாம் கீதுமா அதுல."

செல்போனில் தேடினான். வேறு எங்கேயோ இருக்கும் செங்கம்மாள்கள் வந்தார்கள். "சரி, இல்லதான்" என்று ஒப்புக்கொண்டு, அலமாரியிலிருந்து பித்தளை நிறத்தில் குழாய் வைத்த பெட்டி ஒன்றை எடுத்து வைத்தான். "இத பாரு, பழைய கிராமபோன் மாதிரியே சோக்கா இருக்கும்."

"பிளேட்ட எங்க வெக்கறது?"

"பிளேட்டு வெக்க முடியாது. உள்ள புளூடூத் ஸ்பீக்கர்."

அவள் அந்தக் கடையில் பேசியதை இங்கே எழுத முடியாது.

வேறு வழியில்லாமல் ஆன்லைனில் ஒன்றைப் பிடித்தாள். சூட்கேஸ் மாதிரி மடக்கும் நீலப் பெட்டி. பட்டனை அழுத்தினால் பாட்டு பென்டிரைவில் ஏறிவிடும் என்று விளம்பரம் சொன்னது. பெட்டி வந்த ஞாயிற்றுக்கிழமை மோகனும் பெண்டாட்டியோடு வந்துவிட்டான். வேண்டா தட்டைத் துடைத்து வைத்தாள். முள் இறங்கியது. கரகரவென்று கொஞ்ச நேரம். பிறகு குரல்.

மோகனுக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் பெண்டாட்டி கையெடுத்துக் கும்பிட்டாள். செங்கம்மாள் மேஜையை ஓங்கி அறைந்தாள். ஒருமுறை, இன்னொருமுறை. பக்கத்தில் இருந்த டம்ளர் எகிறிக் கீழே விழுந்தது.

"நிறுத்து, நிறுத்து!" என்றான் மோகன். "நான் அப்பவே சொல்லல? அதுக்குத் தாங்கல பாரு. அயுவுது."

ஆனால் செங்கம்மாள் அழவில்லை. வேண்டாவுக்கு அந்த முகம் தெரியும். கண்ணாடியில் தினம் பார்க்கிற முகம் அது. செங்கம்மாள் ஒரு விரலை வேகமாகச் சுற்றிக் காட்டி, உள்ளங்கையைக் கீழே அமர்த்தினாள். பிறகு மேஜையில் தட்டிக் காட்டினாள். நாற்று முடியை எடுத்து, பிரித்து, சேற்றில் ஊன்றும் நிதானத்தில் ஒரு தாளம். பெட்டியோ ஏதோ ஓட்டப் பந்தயத்தில் ஓடுவது போலப் பாடிக்கொண்டிருந்தது. அதில் கேட்டது இருபத்திரண்டு வயதுப் பெண்ணின் குரல் இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளையின் கீச்சுக் குரல்.

"வேகமா ஓடுதுடா, முட்டாளே" என்றாள் வேண்டா.

முள்ளைத் தூக்கியபோது அதன் நுனியில் மயிரிழை மாதிரிக் கருப்புத் தூள் சுருண்டிருந்தது. தட்டையே சுரண்டி எடுத்திருந்தது அந்தப் பெட்டி.

பெட்டி விற்ற கம்பெனிக்கு போன் போட்டாள். "மேடம், ப்ராடக்ட் ஓடுதா?" என்று கேட்டது ஒரு பெண் குரல்.

"ஓடுது. வேகமா ஓடுது."

"ஓடுதுன்னா டிஃபெக்ட் இல்லைங்க மேடம். லேசான வித்தியாசம் நார்மல்."

"உன் குரல நான் இப்படி வேகமா ஓட்டுனா உனுக்கு நார்மலா?"

லைன் துண்டித்துவிட்டது. வேண்டா பெட்டியைக் கட்டி எடுத்துக்கொண்டு திருக்கழுக்குன்றத்தில் உள்ள கூரியர் ஆபீசுக்கே போய்விட்டாள். திருப்பி அனுப்ப கம்பெனியின் அனுமதி வேண்டும் என்றான் அங்கிருந்த ஆள். அவள் கத்தத் தொடங்கியதும் அவன் கையெடுத்துக் கும்பிட்டு, "யம்மா, இதே நீலப் பெட்டிக்கு இங்க ஏற்கனவே ஒரு டீச்சரம்மா வந்து சண்ட போட்டுட்டுப் போயிருக்கு. தேரடித் தெருவுல இருக்குது, காமு டீச்சர். அதாண்ட போய்ப் பேசு, புண்ணியமாப் போவும்" என்றான்.

காமு டீச்சர் பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் நடத்தி ஓய்வு பெற்றவர். வேண்டாவுக்கு இரண்டு மூன்று வயது பெரியவராக இருக்கலாம். கதவைத் திறந்ததும் அவர் பார்த்தது வேண்டாவை இல்லை, அவள் கையிலிருந்த பெட்டியை.

"நீங்களும் ஏமாந்தேளா? வாங்கோ. அந்தச் சனியனை வாசல்லயே வெச்சுட்டு வாங்கோ."

கூடத்தில் அலமாரி அலமாரியாகத் தட்டுகள். டீச்சரின் வீட்டுக்காரர் ராமானுஜம் ஆயுசு முழுக்க வாங்கிச் சேர்த்துவிட்டுப் போனவை. "எனக்கு இதுல ஒரு ஆசையும் கிடையாது. ஆம்டையான் சேர்த்தார், இடத்தை அடைச்சுண்டிருக்கு. எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டுத் தட்டையெல்லாம் யாருக்காவது தூக்கிக் குடுத்துட்டு நிம்மதியா இருக்கப் போறேன்" என்றார். அதற்காக அவர் வாங்கிய சாமான்கள் மேஜையில் இருந்தன. தட்டைச் சுற்றும் கனமான பெட்டி. முள்ளிலிருந்து வருகிற மெல்லிய ஓசையைத் தூக்கிக் கொடுக்க ஒரு குட்டிப் பெட்டி. அதைக் கம்ப்யூட்டருக்குள் அனுப்ப இன்னொன்று.

"விளம்பரத்துல பளபளன்னு காட்டுவா. அதெல்லாம் வெறும் பெயின்ட். முள்ளு நன்னா இருக்கணும், அதோட அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்க வழி இருக்கணும், வேகம் ஆடாம இருக்கணும். மீதி எதுக்கும் காசைக் கொட்ட வேண்டாம்" என்றார் காமு.

அவருடைய பெட்டியில் செங்கம்மாளைப் போட்டார்கள். வேண்டா அசந்துபோனாள். குரலுக்குப் பின்னால் யாரோ கஞ்சிரா வாசித்திருக்கிறார்கள் என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. போனில் பதிவு செய்துகொண்டு பறந்தாள்.

செங்கம்மாள் கேட்டாள். மேஜையை அறையவில்லை. ஆனால் இல்லையென்று தலையை ஆட்டினாள். இன்னும் வேகமாகத்தான் ஓடுகிறது.

வேண்டா அங்கேயே காமுவுக்கு போன் போட்டாள். "டீச்சரம்மா, வேகம் இன்னும் சரியில்லயாம்."

"அதெப்படி? இது நாற்பத்தஞ்சு சுத்து ஓடற தட்டு. என் பெட்டி சரியா நாற்பத்தஞ்சுதான் ஓடறது, அளந்து பார்த்திருக்கேன். உங்க அக்காவுக்கு வயசாச்சு. எப்படிப் பாடினோம்னு மறந்திருக்கும்."

"பாடுனவளுக்கு மறந்துடும், பொட்டிக்கு ஞாபகம் இருக்குமா?"

"நான் பிசிக்ஸ் சொல்றேன். நீங்க சண்டைக்கு வரேள்."

"ஆமா, சண்டைக்குத்தான் வரேன்!"

போனை வைத்துவிட்டாள். அன்று மண்டியில் ஒரு கம்புகூட விலை குறையவில்லை. படித்தவர்கள், கடைக்காரர்கள், போனில் பேசிய பெட்டிக் கம்பெனிப் பெண், கூடப் பிறந்தவன், எல்லோருக்கும் செங்கம்மாளைத் தவிர மற்ற எல்லாவற்றின் மீதும் நம்பிக்கை இருந்தது. அவளுக்குப் பேச்சு போனதும் புத்தியும் போய்விட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். வேண்டாவுக்கு அதுதான் தொண்டையில் முள்ளாய்க் குத்தியது.

மறுநாள் சாயங்காலம் காமுவே கூப்பிட்டார். குரலில் கடுகடுப்பு இறங்கவில்லை. "யோசிச்சுப் பார்த்தேன். முதல்ல டேப்புல பாடி, அதுலேந்துதான் தட்டு போட்டிருப்பா. அந்த டேப் மெஷின் வேகம் தப்பா ஓடியிருந்தா, தட்டே தப்பாத்தான் வந்திருக்கும். சின்ன கம்பெனின்னு சொல்றேள். நடந்திருக்கலாம். நான் பேசினது தப்பு. இப்போ வேகத்தைக் கையால கூட்டிக் குறைக்கற மாதிரி ஒரு பெட்டி வேணும். என்கிட்ட இருக்கறதுல அது இல்லை. கம்ப்யூட்டர்லயும் பண்ணலாம். ஆனா உங்க அக்கா முன்னாடி உக்காந்து கேட்டுண்டே திருகறதுதானே முக்கியம்?"

அந்த மாதிரிப் பெட்டி டீஜேக்கள் வைத்திருப்பார்கள் என்றும் அவர்தான் சொன்னார். ஈ.சி.ஆர். ரோட்டு ரிசார்ட்டுகளில் டீஜேக்களுக்குப் பஞ்சமா? வேண்டா மேக்னாவை போனில் பிடித்தாள். சுவர் விஷயத்துக்குப் பிறகு மேக்னா அவளுக்கு எதையாவது செய்யத் தவித்துக்கொண்டிருந்தாள். மாமல்லபுரத்திலேயே இருக்கும் ஜோஷ்வா என்ற டீஜேயின் நம்பரைக் கொடுத்தாள். அவன் லேப்டாப்புக்கு மாறிவிட்டதால் பழைய பெட்டியை விற்கப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கதவைத் திறந்த ஜோஷ்வா, கொண்டை போட்ட ஒரு டீச்சரும் மரத்தூள் படிந்த புடவையில் ஒரு மண்டிக்காரியும் நிற்பதைப் பார்த்துக் குழம்பினான்.

"பெட்டி… உங்களுக்கா ஆன்ட்டி?"

"பின்ன? உங்க தாத்தாவுக்கா?"

பெட்டி கனமாக இருந்தது. சுற்றும் தட்டின் விளிம்பில் வரிசையாகப் புள்ளிகள். பக்கத்தில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு. வேகம் சரியாக இருந்தால் அந்த வெளிச்சத்தில் புள்ளிகள் ஓடாமல் நின்ற இடத்தில் நிற்பது போலத் தெரியும் என்று ஜோஷ்வா காட்டினான். வலப்பக்கம் ஒரு நீளமான நழுவுப் பட்டன். மேலே தள்ளினால் வேகம் குறைந்தது, கீழே இழுத்தால் கூடியது. வேண்டா அதைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

காமு குனிந்து முள்ளைப் பார்த்தார். "இதை மாத்தணும். தட்டை முன்னும் பின்னும் தேய்க்கறதுக்குன்னு பண்ணின முரட்டு முள்ளு இது. ஏற்கனவே அந்த நீலப் பெட்டி சுரண்டினது போதும்."

"நல்ல முள்ளுதான் மேம்" என்றான் ஜோஷ்வா.

"உனக்கு நல்ல முள்ளு. அவ அக்காவுக்கு இல்லை."

வேண்டா டீச்சரைத் திரும்பிப் பார்த்தாள். பெட்டியைப் பேரம் பேசாமல் வாங்கினாள். அது அவள் மண்டித் தொழிலில் இறங்கிய பிறகு முதல் தடவையாக இருக்கும்.

புது முள் வர சில நாட்கள் ஆயின. வந்ததும் காமு தன் குட்டிப் பெட்டிகளையும் எடுத்துக்கொண்டு பஸ் பிடித்துச் செய்யூர் வந்தார். மண்டியில் பில் போடும் லேப்டாப்பைத் துடைத்து வைத்தார்கள். எல்லாவற்றையும் மாட்டி ஸ்பீக்கரைப் போட்டதும், வீடு முழுக்கத் தேனீக் கூடு கலைந்த மாதிரி ஒரு ரீங்காரம். வேண்டா பொறுமையிழந்து எல்லா ஒயரையும் பிடுங்கப் போனாள். காமு அவள் கையைப் பிடித்து நிறுத்தி, பெட்டியின் பின்னால் தொங்கிய மெல்லிய ஒயர் ஒன்றை எடுத்துக் குட்டிப் பெட்டியின் திருகில் முறுக்கினார். ரீங்காரம் நின்றது. வெளியே காகம் கத்துவது கேட்டது.

செங்கம்மாளை நாற்காலியில் உட்காரவைத்து, அவள் விரலை எடுத்து நழுவுப் பட்டன்மேல் வைத்தாள் வேண்டா.

"நீயே பாத்துக்கோக்கா. இவங்க யார் பேச்சையும் கேக்காத."

பாட்டு ஆரம்பித்தது. செங்கம்மாள் பட்டனைக் கொஞ்சம் மேலே தள்ளினாள். குரல் தடித்தது. இன்னும் கொஞ்சம். அதிகமாகிவிட்டது போல, புருவத்தைச் சுருக்கிப் பின்னுக்கு இழுத்தாள். இடது கை மேஜையில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தது. ஓரிடத்தில் தாளமும் பாட்டும் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்தன. அவள் விரலை எடுத்துவிட்டாள்.

அந்தக் குரல் வேண்டாவுக்குத் தெரிந்த குரல். கனத்த குரல், மூக்கில் துளி அடைத்த மாதிரி. அதில் இருந்த கோபம் இப்போதுதான் கேட்டது. வேகமாக ஓடியபோது கிண்டல் மாதிரி இருந்த வரி, இந்த நிதானத்தில் நேருக்கு நேர் நின்று கேட்கிற கேள்வியாகிவிட்டது. எம்படிய ஏன் கொறச்சே? செங்கம்மாளின் உதடுகள் கூடவே அசைந்தன. கழுத்துத் துணி மூச்சில் எழுந்து எழுந்து அடங்கியது. காமு மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஒலி அளவு சிவப்புக்குப் போகாமல் இருக்கிறதா என்று லேப்டாப்பையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முன்பக்கம் நன்றாக ஏறிவிட்டது. பின்பக்கம்தான் போச்சு. ஸ்பிரிட் தொட்டுப் பசைக் கட்டிகளைப் பெயர்த்தார்கள். ஆனாலும் அந்த மூன்று இடங்களிலும் தழும்பு நின்றுவிட்டது. முள் அங்கே வரும்போதெல்லாம் துள்ளித் தாவியது. பாட்டில் பாதிக் கதை இல்லாமல் போயிற்று. விட்டுப்போன வரிகள் என்னவென்று செங்கம்மாளுக்குத் தெரியும். சொல்லத்தான் முடியாது. வேண்டாவுக்கு அந்தப் பக்கப் பாட்டு ஞாபகமே இல்லை. அன்றைக்கு அவள் மோகனை நினைத்து அடித்த அடியில் சமையலறைக் கதவின் தாழ்ப்பாள் கழன்று வந்தது.

இரண்டு நாள் கழித்து மோகன் வந்தான். வாசலிலேயே நின்றான்.

"நல்லா வந்துட்டுதாமே. எனக்கும் அனுப்பு. வாட்ஸப்புல போடணும்."

"போடுவே! தெருவுல தூக்கிப் போட்டவன் நீ. ஒரு வரி கூட அனுப்ப மாட்டேன். போ."

"நானும் அக்காவோட தம்பிதானே?"

"அது பிளேட்ட எடைக்குப் போடறப்போ தெரியலியா?"

உள்ளே மேஜை தட்டும் ஓசை கேட்டது. செங்கம்மாள் கூப்பிட்டாள். வேண்டாவின் போனைக் கேட்டுக் கையை நீட்டினாள். வேண்டா தர மறுத்தாள். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. செங்கம்மாள் தன் நெஞ்சில் ஒரு தட்டுத் தட்டிக் காட்டினாள். என் குரல். வேண்டா போனைக் கொடுத்தாள். மோகன் உள்ளே வந்து, அக்காவின் காலடியில் உட்கார்ந்து, தனக்கு அனுப்பிக்கொண்டான்.

"இவ்ளோ கஷ்டப்பட்டது நானு, தூக்கிக் குடுக்கறது நீயா?" என்று வேண்டா மூத்தவளிடமே கத்தினாள். வாழ்க்கையில் முதல் தடவையாக. செங்கம்மாள் நிதானமாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு மோகனின் தலையில் ஓங்கி ஒரு குட்டு வைத்தாள். அவன் 'ஆ' என்று கத்துகிற அளவுக்கு. வேண்டாவுக்கு அது போதவில்லை. மோகனோடு அவள் இன்றும் சரியாகப் பேசுவதில்லை.

அவன் அனுப்பியது வேன் டிரைவர்கள் குரூப்பில் போய், அங்கிருந்து எங்கெங்கோ போயிற்று. ஐப்பசியில் ஒருநாள் பந்தல் போடக் கம்பு ஏற்ற வந்த ஒரு மினி லாரி மண்டிக்குள் நுழைந்தது. டிரைவர் வேற்றூர் ஆள். இன்ஜின் தடதடக்க, டாஷ்போர்டில் சாய்த்து வைத்த போனிலிருந்து நடவுப் பாட்டு வந்துகொண்டிருந்தது. இன்ஜின் சத்தத்தில் பாதிச் சொல் முழுகிப்போனது.

வேண்டா கையிலிருந்த அளவுக்கோலோடு நேராகப் போய் வண்டிக் கதவில் தட்டினாள்.

"இன்னா பாட்டு அது?"

"தெரிலமா. யாரோ அனுப்புனாங்க. நல்லா கீதுன்னு போட்டுகினு கீறேன்."

"நல்லா கீதுன்னா இப்படியா கேப்பே? வண்டிய ஆப் பண்ணு."

"லோடு ஏத்தணும்மா, டைம் ஆவுது…"

"ஆப் பண்ணுடா!"

டிரைவர் சாவியைத் திருப்பினான். கம்பு அடுக்கிக்கொண்டிருந்த ஆட்களும் கையை நிறுத்தினார்கள். வேண்டா அளவுக்கோலை ஊன்றிக்கொண்டு, பாட்டு முடிகிற வரைக்கும் அந்த வண்டியை நகரவிடவில்லை.